போலீஸ் கேஸ்



1987இல் பள்ளி வாசலில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன்மேல் லாரி மோதியது. அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடினேன். டியூட்டி டாக்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இது போலீஸ் கேஸ் சார். தொட்டா கோர்ட்டுக்கு அலையணும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க." நாற்பது கிலோமீட்டர். சட்டம் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் வாடகைக் கார் தேடப் போனேன். வாத்தியார் என்று பெயர். ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

அதே காலத்தில், ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் இடித்துவிட்டது. அருகிலிருந்த மருத்துவமனை ஏற்கவில்லை. இத்தகைய வழக்குகளைப் பார்க்க அனுமதி பெற்ற மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அந்தப் பத்திரிகைச் செய்தியோடு உச்ச நீதிமன்றம் போனவர் பர்மானந்த் கட்டாரா. தன்னைச் சிறிய மனித உரிமை ஆர்வலர் என்றுதான் சொல்லிக்கொண்டார். 1989 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதிகள் ரங்கநாத் மிஸ்ரா, ஜி.எல். ஓசா தீர்ப்பளித்தார்கள். அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பதே முதல் கடமை, போலீஸ் நடைமுறை பிறகு என்றார்கள். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவே அதற்கு ஆதாரம்.

ஆனால் என்னை உறுத்துவது தீர்ப்பின் இன்னொரு பகுதி. காயம்பட்டவரைத் தொடக் கூடாது என்று எந்தச் சட்டமும் அதற்கு முன்பும் இருந்ததில்லையாம்! இந்திய தண்டனைச் சட்டத்தில் இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லை, மோட்டார் வாகனச் சட்டத்திலும் இல்லை. இல்லாத ஒரு சட்டத்துக்கு ஊரே பயந்திருக்கிறது, நான் உட்பட.

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சாட்சி சொல்லப் போய்க் கோர்ட் வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அவர்களைத் தேவையின்றி அலைக்கழிக்கக் கூடாது என்றும் நீதிபதிகள் சேர்த்தே எழுதினார்கள். தீர்ப்பை வானொலியிலும் தூர்தர்ஷனிலும் பரப்பச் சொன்னார்கள்.

பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவிலேயே, பணியில் இருக்கும் மருத்துவர் நடைமுறைக்குக் காத்திராமல் உடனே கவனிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 1996இல் மேற்கு வங்க வழக்கொன்று. ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியிருந்தன. படுக்கை இல்லை, வசதி இல்லை என்ற பதிலை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

எங்கள் பையன் பிழைத்துக்கொண்டான். கால்தான் சரியாகவில்லை. இப்போது திருப்பூரில் இருக்கிறான். இதைப் படித்தால் ஒரு போன் பண்ணு ராசா. அன்றைக்கு அந்த டாக்டரிடம், "எந்தச் சட்டத்தில் சார் இருக்கு?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.