அரிசி கற்பித்த சிக்கனம்

சிக்கனம் என்பது வறுமையின் மறுபெயர் எனக் கருதுவோர் உளர். மலாயாவின் இல்லங்களில் அரிசி பயன்பட்ட வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது.

தமிழர் இல்லங்களில் அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டியைச் சேர்ந்தது. வடிகஞ்சி பருகவும், துணிக்கு விறைப்பூட்டவும், சீயக்காய்த் தூளைக் குழைத்துத் தலை முழுகவும் உதவிற்று. மிஞ்சிய சோறு நீரூற்றப்பட்டு மறுநாள் பழஞ்சோறாயிற்று. மலாய்ப் பெண்டிரோ அரிசியைப் பல நாள் ஊறவைத்து அரைத்து, சிறு துளிகளாக வெயிலில் உலர்த்தி, ‘பெடாக் செஜூக்’ என்னும் குளிர்ச்சி மாவாக்கி முகத்திற் பூசினர். அடுக்களைக்கும் ஒப்பனைக்கும் ஒரே அரிசிப் பானை போதுமானதாயிருந்தது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. 1945இல் போர் முடியும்வரை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே பலரது பசியாற்றின. அந்நாளில் எதனையும் வீணாக்காதிருந்தது அறம் அன்று, வேறு வழியின்மையே. பசியைச் சிக்கனம் எனப் புகழ்வது, பசித்திருந்தோரை இகழ்வதாகும்.

உள்ளபோதே அளவறிந்து ஆள்வதுதான் சிக்கனம். போருக்கு முன்பே நம் பாட்டிமார் அதனை அறிந்திருந்தனர். இன்றோ மிஞ்சிய சோறு குப்பைத் தொட்டிக்குச் செல்கின்றது. பாதி பயன்படுத்திய முகப்பூச்சுக் குப்பிகள் அலமாரியிற் காய்கின்றன. மாணவர் அவர்களிடம் கற்கவேண்டியது இல்லாமையை அன்று. ஒரு பொருளின் பயன் தீருமுன் அதனை எறியாத அறிவையே.