மூளையில் ஒரு சிறு வளையம்

பெரிய நோய் என்றால் வேலூர் பஸ் ஏறுவது நம் ஊர் வழக்கம். வலிப்பு நோய் சிகிச்சையில் அந்த ஊருக்குத் தனி வரலாறே உண்டு.

கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் வலிப்புக்கான அறுவை சிகிச்சையும் அங்கே நடந்தது.

1980-களில் சி.டி. ஸ்கேன் வந்தபோது, வலிப்பு நோயாளிகள் பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற கட்டி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று கருதி, மாதக்கணக்கில் அதற்கான மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் மருத்துவர்கள் கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலும் அது நாடாப்புழுவின் இளம்பருவம்! 1989-இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள். பலருக்கு அந்தக் கட்டி தானாகவே மறைவதும், காசநோய் மாத்திரை தேவையில்லை என்பதும் தெளிவானது.

பன்றி இறைச்சி உண்பவருக்கு மட்டும் வரும் நோயல்ல இது. குடலில் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், அசுத்தமான தண்ணீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியே சைவர் வயிற்றுக்குள்ளும் போகும். கையையும் காய்கறியையும் நன்றாகக் கழுவுவதே தடுப்பு.

நம் குடியிருப்பில் யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். வாயிலும் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.