நாற்பதில் நின்றுவிடும் வரிசை

பாட்டியல் நூல்கள் பெண்ணை ஏழு பருவங்களாகப் பகுக்கின்றன. பேதையில் தொடங்கும் வரிசை பேரிளம்பெண்ணோடு, அதாவது 40 வயதோடு, நின்றுவிடுகிறது. முப்பதுகளில் இருக்கும் நான் இலக்கணப்படி கடைசிப் பருவத்துக்காரி. பிறகு? பன்னிரு பாட்டியலில் ஆணின் வரிசை ‘முதுமகன்’ என்று வரம்பின்றி முடிகிறது. பெண்ணுக்கு அதுவும் இல்லை. காரணம், இது உலா இலக்கியத்துக்காகப் போட்ட கணக்கு. பவனி வரும் தலைவனைக் கண்டு காமுறத்தக்க உடல்களின் பட்டியல்.

பெயரில்லாத இடத்தில் வசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. தாம்பரத்தில் எங்கள் தெரு அக்காவுக்கு 44 வயது. “ராத்திரி திடீர்னு உடம்பு பத்தி எரியுது, தூக்கமே இல்ல. ஒரு தடவ இருபது நாள்ல தூரம் வருது, அப்புறம் ரெண்டு மாசம் காணோம். வீட்ல சொன்னா கொழுப்புங்கிறாங்க” என்றார்.

‘மெனோபாஸ்’ என்ற சொல்லைப் பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1821இல் தந்தார். அதுவும் முடிவின் பெயர்தான். முடிவுக்கு முந்தைய ஆண்டுகளை மருத்துவர்கள் கூடிக் கட்டம் பிரித்தது 2001இல். மாதச் சுழற்சி 7 நாளுக்கு மேல் முன்பின்னாவது முதல் கட்டம். 60 நாளும் அதற்கு மேலும் இடைவெளி விழுவது அடுத்தது. தொடர்ந்து 12 மாதம் வராதிருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அக்கா சொன்னது அத்தனையும் இதற்குள் வருகிறது. அளவு மீறிய உதிரப்போக்கை மட்டும் ‘வயசுதான்’ என்று விடக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

பெயரிடுதல் அதிகாரம் என்று நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். எட்டாவது பருவத்துக்கான பெயரை உலாப் புலவரிடம் தேடிப் பயனில்லை. அக்காக்களின் பேச்சிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும்.