அரைப்பேர்

'கண்டி'யில் எத்தனை எழுத்து? நாம மூன்று என்போம். பைத்தான் ஐந்து என்கிறது. ஏன் இப்படி? 1988இல் இந்தியா வகுத்த இஸ்கி தரத்தை ஒட்டி 1991இல் யூனிகோட் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. புள்ளிக்கும் இகரக் குறிக்கும் தனித்தனி எண். 2008இல் வந்த பைத்தான் 3 எண்ணுவது அந்த எண்களைத்தான். முதல் நான்கை வெட்டினா 'கண்ட' மட்டும் மிஞ்சும்.

நம்ம தோட்டங்களில் கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையகத் தமிழரின் பெயர், கணினிப் பட்டியலிலும் அரைப்பேராகக் கூடாது. அதனால பெயரை வெட்டுவதற்கு முன்பு ஓப்பன்-தமிழ் நிரலகத்தால் எழுத்துகளாகப் பிரிப்போம். கோப்பைத் திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று சொல்லிடுவோம்.