சர்க்கரைக்குக் கதவு எங்கே இருக்கிறது?



நம் குழுவில் கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது சுகர் ரிப்போர்ட்தான். ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பிள்ளைகள்கூட "சார், சுகர் வந்துடுச்சு" என்கிறார்கள். அதனால் இன்று ஒரு சின்ன வரலாற்றுப் பாடம்.

1921ல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1948ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். மருத்துவர் கையில் மருந்து இருந்தது. அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதுதான் தெளிவாகவில்லை.

1949ல் அமெரிக்காவில் ரக்மியேல் லெவின், இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் நுழைய விடுகிறது என்று நாய்களில் சோதித்துக் காட்டினார். அப்படியானால் கதவு எது? 1980ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: கதவு செல்லுக்குள்ளேயே இருக்கிறது, இன்சுலின் வந்ததும் மேற்பரப்புக்கு வருகிறது. ஆனால் அந்தக் கதவை யாரும் தனியாக அடையாளம் கண்டதில்லை.

அடையாளம் காட்டியது ஓர் எதிர்ப்பொருள். கிருமி நுழைந்தால் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும் என்று வகுப்பில் படித்தீர்கள் அல்லவா? ஒவ்வொரு எதிர்ப்பொருளும் தனக்கு உரியதை மட்டுமே பிடிக்கும். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். அதற்கு 1984ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வழியில், பாஸ்டனில் டேவிட் ஜேம்ஸ், பால் பில்ச் குழுவினர் எலியின் கொழுப்புச் செல்லில் இருந்து எடுத்த சவ்வைச் சுண்டெலிக்குச் செலுத்தி எதிர்ப்பொருள்களை உருவாக்கினார்கள். அவற்றில் 1எஃப்8 என்று பெயரிட்ட ஒன்று, தசை, இதயம், கொழுப்பு ஆகிய இடங்களில் மட்டும் ஒரு புரதத்தைப் பிடித்தது. இன்சுலினுக்குக் கட்டுப்படும் இடங்களும் இவைதான்! 1988ல் இந்தச் செய்தி வெளியானது. அந்தப் புரதத்துக்குப் பிறகு வைத்த பெயர் குளுட்-4. 1991ல் நெதர்லாந்தைச் சேர்ந்த யான் ஸ்லாட் குழுவினர் எதிர்ப்பொருளையும் நுண்ணிய தங்கத் துகளையும் சேர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இன்சுலின் இல்லாதபோது குளுட்-4 உள்ளே பைகளில் கிடந்தது. இன்சுலின் கொடுத்ததும் மேற்பரப்புக்கு வந்திருந்தது. 1980ல் சொன்னது கண்ணெதிரே நிரூபணமானது.

இதனால் நமக்கு என்ன? இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் பலருக்கு இன்சுலின் இருக்கும். ஆனால் அது கூப்பிட்டால் கதவு சரியாக மேலே வராது. இங்கேதான் நல்ல செய்தி. தசை வேலை செய்யும்போது இன்சுலின் கூப்பிடாமலே குளுட்-4 மேலே வருகிறது. சர்க்கரை நோயாளிகளின் தசையிலும் இந்த இரண்டாவது வழி வேலை செய்கிறது. டாக்டர் "நடங்க" என்று சொல்வது வெறும் வாய்வார்த்தை இல்லை.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. "மாத்திரையை நிறுத்து, இந்தக் கசாயம் போதும்" என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பாதீர்கள். மாத்திரையும் வேண்டும், நடையும் வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்காரும் பிள்ளைகளே, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடந்து போங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
நாகரசம்பட்டி