கார்த்திகைத் தண்ணீரும் சித்திரைத் தண்ணீரும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் என் பழைய மாணவர் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து வாங்கிய தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். "நம்ம கிணறு பாஸ் சார்!" தேதியைப் பார்த்தேன். கார்த்திகை மாதம், நல்ல மழை முடிந்த கையோடு எடுத்த தண்ணீர். "சித்திரையில எடுத்துப் பார்த்தியாப்பா?" என்றேன். "அப்போ உப்புக் கரிக்குமே சார்" என்று அவரே சிரித்துவிட்டார்.

சாயம் தோய்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். தண்ணீர் கடினமானால் சோப்பு நுரைக்காது, பட்டின் பசை சரியாகப் போகாது, சாயமும் சீராக ஏறாது. நாக்கும் நூலும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுக்கும் தெரியாத ஒன்று தண்ணீரில் இருந்தால்? அவரிடம் வங்கத்தின் கதையைச் சொன்னேன். வகுப்பில் சொல்ல நேரம் கிடைக்காத கதை.

வங்கதேசத்துக் கிராமங்களில் குளத்துத் தண்ணீரைக் குடித்து, காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1970களில் யுனிசெஃப் உதவியோடு ஊர் ஊராக அடிபம்பு போட்டார்கள். பிறகு மக்களே சொந்தச் செலவில் போட்டுக்கொண்டார்கள். தெளிந்த தண்ணீர், கிருமி பயம் குறைந்தது.

1983-ல் மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு உள்ளங்கையில் தடிப்பும் உடம்பில் கரும்புள்ளிகளுமாகச் சிலர் வந்தார்கள். தோல் மருத்துவர் கே.சி. சாகா, இது குடிதண்ணீரில் வந்த ஆர்சனிக் என்று கண்டுகொண்டார். நாட்டு வைத்தியத்தில் பாஷாணம் என்பார்களே, அந்த வகை. யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி ஆண்டுக்கணக்கில் கிராமம் கிராமமாக அலைந்து தண்ணீரைச் சோதித்தார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், 1992-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் வங்கதேசத்துக் கிணறுகளை ஆராய்ந்தது. சோதித்த பொருள்களின் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் லண்டன் வரை போய் வழக்காடினார். 2006-ல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம், என் மனசு ஒப்பவில்லை.

பிறகு சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் பம்புக்குச் சிவப்பு பெயிண்ட், குறைந்தால் பச்சை. சுமார் 14 லட்சம் சிவப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவோ 10 தான். ஆக, 40 இருந்த கிணறும் பச்சைதான்!

இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த மணலில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் கிடக்கிறது. அடியில் இலைதழை மக்கிப் பிராணவாயு தீர்ந்தால் துரு கரையும், கூடவே ஆர்சனிக்கும் தண்ணீருக்கு வந்துவிடும். மழையில் புதுத் தண்ணீர் இறங்கி அளவு குறையும் கிணறும் உண்டு. வெள்ளம் தேங்கிக் காற்றில்லாமல் போய் அளவு ஏறும் கிணறும் உண்டு. ஆழக் கிணறுகளில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. ஆழம் குறைந்தவற்றில்தான் ஆட்டம். பெயிண்ட் அடித்த நாளின் கணக்கு அடுத்த பருவத்துக்கும் பொருந்தும் என்று அங்கே சொல்ல முடியாது.

ஒரு வேடிக்கை. காற்றுப்படும் திறந்த கிணறுகளில் பொதுவாக ஆர்சனிக் குறைவு. இரும்பு மறுபடி துருவாகிப் படியும்போது அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். உடனே "பாட்டி காலத்துக் கிணறு" என்று கொண்டாடிவிடாதீர்கள். கிருமிகள் சுலபமாக இறங்குவதும் அதில்தான்.

இதையெல்லாம் கேட்ட மாணவர் எழுந்து போய்ச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். கடினத்தன்மை இருந்தது, குளோரைடு இருந்தது, ஃபுளோரைடு இருந்தது. ஆர்சனிக் என்று ஒரு வரி இல்லை. வங்க மண் வேறு, நம் மண் வேறு, பயப்படாதே என்றேன். சித்திரையில் இன்னொரு பாட்டில் எடுத்துப் போவதாகவும், அந்த வரியையும் கேட்டு வாங்குவதாகவும் சொல்லியிருக்கிறார்.