ஒரே கூலிங் கிளாஸ், மூன்று முகங்கள்

சென்ற தவணை எங்கள் பாடசாலையில் வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு சின்னக் கண்காட்சி வைத்தோம். வீட்டில் கிடக்கும் பழைய பொருட்களைக் கொண்டுவரச் சொன்னோம். தராசு வந்தது, கொழுந்துக் கூடை வந்தது, பேசாத ரேடியோ ஒன்று வந்தது. ஆனால் பிள்ளைகள் அதிகம் கொண்டுவந்தது பழைய ஃபோட்டோக்களைத்தான். அவற்றை மேசையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தோம்.

பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் பிள்ளையின் தாத்தா. ஹாலி-எலப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் பெரியப்பா. பதுளை டவுனில் கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர். தனித்தனியாக எடுத்த படங்கள், ஆனால் மூன்று முகத்திலும் ஒரே கூலிங் கிளாஸ். தடித்த கறுப்புப் பிரேம். வலப்பக்க மூலையில் ஒரு வெள்ளிப் புள்ளி, இடப்பக்கத்தில் அது இல்லை, கழன்று விழுந்திருக்க வேண்டும். படங்களைத் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் ஒரே ஸ்டூடியோவின் முத்திரை.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் ஒரு கோட், ஒரு டை, சீப்பு, பவுடர் டப்பா, கூடவே ஒரு கூலிங் கிளாஸ் எப்போதும் தயாராக இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். யார் வந்தாலும் அதே கோட், அதே கண்ணாடி.

பக்கத்தில் நின்ற ஒரு மாணவி சிரித்துவிட்டாள். "டீச்சர், இந்தத் தாத்தாவுக்கு இது பொருந்தவேயில்ல. நீள முகத்துக்கு இப்படி ஒடுக்கமான பிரேம் போடக்கூடாது." அவள் சொன்னது பிழையில்லை. இன்று ஃபோனில் தேடினால் முதலில் வருவது அந்தப் பாடம்தான். வட்ட முகத்துக்குக் கோணமுள்ள பிரேம், சதுர முகத்துக்கு வளைந்த பிரேம், நீள முகத்துக்கு உயரம் கூடிய பிரேம், நெற்றி அகன்று நாடி ஒடுங்கியவர்களுக்குக் கீழ்ப்பாகம் கனத்த பிரேம். முகத்தில் இல்லாததைக் கண்ணாடி கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் கணக்கு.

இந்தக் கணக்கு எப்போது வந்தது என்று தேடிப் பார்த்தோம். கண்ணாடி தொடங்கிய இடத்தில் முக அழகு என்ற பேச்சே இல்லை. வட துருவத்து இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீற்று வெட்டிக் கண்ணில் கட்டிக்கொண்டார்கள். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெட்டுப்போகாமல் வேட்டைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். லண்டனில் ஜேம்ஸ் ஐஸ்கோ 1750களில் நீலம், பச்சை வில்லைகளைப் பரிந்துரைத்ததும் பார்வைக்காகத்தான். 1937இல் ரே-பான் என்ற பெயரோடு வந்த ஏவியேட்டர் விமானிகளுக்காக உருவானது. அதன் கண்ணீர்த்துளி வடிவத்துக்குக் காரணமும் அழகு அல்ல. விமானி குனிந்து கருவிகளைப் பார்க்கும்போதும் கண் மறைந்திருக்க வேண்டும். 1944இல் பிலிப்பைன்ஸ் கரையில் ஜெனரல் மக்ஆர்தர் இறங்கிய படத்தைப் பார்த்த பிறகு விமானம் ஓட்டாதவர்களுக்கும் அது தேவைப்பட்டது!

அழகு வந்து சேர்ந்தது வேறு வழியால். 1929இல் சாம் ஃபொஸ்டர் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் மலிவுக் கண்ணாடிகளை விற்கத் தொடங்கினார். 1930களின் இறுதியில் நியூயோர்க்கில் அல்டினா ஷினாசி என்ற பெண், முகமூடி ஒன்றைப் பார்த்து, ஓரங்கள் மேலே தூக்கிய பூனைக்கண் பிரேமை வடிவமைத்தார். ஹாலிவுட்டில் வார்னர் பிரதர்ஸ் கம்பனியின் ஒப்பனைக் கலைஞர் பெர்க் வெஸ்ட்மோர் முகங்களை ஏழு வடிவங்களாகப் பிரித்தார். நீள்வட்ட முகம்தான் சரியான முகம், மற்றதெல்லாம் திருத்தப்பட வேண்டியவை என்ற எண்ணம் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து பரவியதுதான். அந்த மாணவியின் ஃபோனுக்கு வந்ததும் அதன் பேரப்பிள்ளை.

நமது மலைகளுக்குக் கூலிங் கிளாஸைக் கொண்டுவந்தது சினிமா. 1917இல் கண்டிச் சீமையில் பிறந்த எம்.ஜி.ஆர். பின்னாளில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெளியில் தோன்றியதே அரிது. 1987 டிசம்பரில் இறுதி ஊர்வலத்திலும் அவை அவரோடு இருந்தன. லயத்துச் சுவர்களில் அந்தப் படத்தை இன்றும் காணலாம். கலைஞர் கருணாநிதியின் கதை வேறு. விபத்தில் பாதிக்கப்பட்ட கண்ணுக்காகப் போட்டது, கடைசியில் அவருடைய அடையாளமாகவே ஆனது. 2017இல் அவர் பிரேமை மாற்றியபோது அதுவும் ஒரு செய்தியானது. இவர்கள் யாரும் முக வடிவம் பார்த்துக் கண்ணாடி எடுத்ததாகத் தெரியவில்லை. பார்த்துப் பார்த்து நம் கண்தான் அந்த முகங்களுக்கு அதைப் பொருத்திக்கொண்டது.

மேசையிலிருந்த பெரியப்பாவின் படத்துக்கு வருவோம். பின்னால் 1972 என்று எழுதியிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று மனிதர்களை எண்ணிப் பிரித்தார்கள். இந்தியா என்று விழுந்தவர்களில் இவரும் ஒருவர். பாஸ்போர்ட் படம் எடுக்கப் பதுளைக்கு இறங்கி வந்த அன்று, அந்த ஸ்டூடியோவில் இரண்டு படம் எடுத்திருக்கிறார். ஒன்று வெறும் கண்ணோடு, இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல். அது அரசாங்கத்துக்கு. மற்றது கோட்டும் கூலிங் கிளாஸுமாக. அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் ஏறியிருக்கிறார். திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களில் அவருடைய கண்ணைப் பார்த்து ஞாபகமுள்ளவர் யாருமில்லை.

இதைப் பிள்ளை சொன்ன பிறகு பொருத்தம் பற்றி யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் எங்களை உறுத்தியது. மேசையிலிருந்த பெண்களின் படம் ஒன்றில்கூடக் கூலிங் கிளாஸ் இல்லை. துரைமாருக்கு வெயிலுக்குச் சோலா தொப்பி இருந்தது. மலையேறிய பெண்களுக்குத் தலைத்துண்டும் கம்பளியும்தான். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலம் காய்ந்த காற்றும் சுள்ளென்ற வெயிலும் உள்ள காலம். உயரம் 1,000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடுகிறது என்பார்கள். அப்புத்தளைப் பக்க மலைகள் அந்த உயரத்தைத் தாண்டியவை. கண்ணில் சதை வளர்வதும் கண்புரையும் இந்தக் கதிரோடு தொடர்புள்ளவை. இனுயிட் வேட்டைக்காரருக்கும் விமானிக்கும் வேலைக்காகக் கிடைத்த பொருள் இங்கே வேலை செய்பவருக்குக் கிடைக்கவில்லை, படத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. எந்தப் பெண்ணாவது போட்டு வந்தால் "ஓ, சினிமாக்காரி" என்று கேலி வேறு. அந்தக் கேலியில் எங்களுக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

முக வடிவப் பட்டியல் நமக்கு உதவாது என்று சொல்ல வரவில்லை. வாங்குபவர்கள் பார்க்கட்டும். ஆனால் ஹிஜாப் அணிந்தாலோ தலைத்துண்டு கட்டினாலோ எல்லா முகமும் அரைவாசி நீள்வட்டமாகிவிடுகிறது, பட்டியல் பாதி காலி. நமக்கு முக்கியம் மூக்கு. மூக்குத்தண்டு பதிவாக உள்ளவர்களுக்கு வெளிநாட்டுப் பிரேம் வழுக்கிக்கொண்டே இருக்கும். வளைத்துச் சரிசெய்யக்கூடிய மூக்குத்தாங்கி உள்ளதை எடுங்கள். தினமும் கட்டும் துணியோடு போய்ப் போட்டுப் பாருங்கள், மெல்லிய நேரான காதுக்கம்பி துணிக்குள் சுகமாக நுழையும். கூடைக் கயிறு தலையில் பதிபவர்களுக்கு இது இன்னும் அவசியம். சிரித்துப் பாருங்கள், பிரேம் கன்னத்தில் முட்டினால் பெரிது. எல்லாவற்றுக்கும் முன்னால் யூவி 400 பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகளுக்கு நடைபாதையில் வாங்கிக் கொடுக்கிறோமே, வடிகட்டாத வெறும் கறுப்புப் பிளாஸ்டிக், அது கண்ணாடி இல்லாமல் இருப்பதைவிட மோசமாகலாம். இருட்டுக்குக் கண்மணி விரியும், கதிர் தாராளமாக உள்ளே போகும்.

கண்காட்சி முடிந்து ஃபோட்டோக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பெற்றோரின் அனுமதியோடு பிரதி மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டு அல்பத்தில், பெட்டியடியில், தடித்த கறுப்புப் பிரேமும் வலது மூலையில் மட்டும் வெள்ளிப் புள்ளியுமுள்ள கண்ணாடியோடு யாராவது இருந்தால் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று தெரிந்ததை எழுதுங்கள். பெண் யாராவது அதைப் போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.